அடுப்பா, ஆளா, எது பத்தவில்லை?

தொழில் கேள்வி-பதில்

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். ஒரு அடுப்பு, ஐந்து பேர். காலை ஒன்பதரை முதல் ஐந்தரை வரை, சாப்பாட்டு நேரம் ஒரு மணி போக, தேன்குழல் மட்டும் 42 கிலோ வருகிறது. ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை எண்ணெயில் போட்டு எடுப்பதற்கு, 600 கிராம் எடுக்கிறோம். தீபாவளிக்கு நாளொன்றுக்கு 80 கிலோ கேட்கிறார்கள். இன்னொரு அடுப்பும் இரண்டு ஆளும் போட்டுவிடலாமா?
– வாசகி, காரைக்குடி

அடுப்பு கடைசியில் வேண்டியிருக்கும். ஆனால் இன்றைக்கே வாங்க வேண்டாம்.

42 கிலோ என்றால் 70 ஈடு. ஏழு மணி நேரத்தில் 70 ஈடு என்றால் ஒன்றுக்கு ஆறு நிமிடம். நாளைக் காலை ஒரு ஆளை அடுப்படியில் நிறுத்தி இருபது ஈட்டுக்கு நேரம் குறிக்கச் சொல்லுங்கள்: பிழியத் தொடங்கியது, பிழிந்து முடித்தது, அரித்து எடுத்தது, அடுத்து பிழியத் தொடங்கியது. வெந்து எடுக்க நாலரை நிமிடம்தான் ஆகியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. மீதி ஒன்றரை நிமிடம் எண்ணெய் சும்மா காய்கிறது. பிழியும் உரலில் மாவு தீர்ந்திருக்கும். பிழிகிறவரே கையைத் துடைத்துக்கொண்டு மாவு அடைப்பார்.

இரண்டாவது உரல் ஒன்று வாங்குங்கள். மாவு அடைப்பது ஒருவருக்கு மட்டுமே வேலையாக இருக்கட்டும். முந்தைய ஈடு வேகும்போதே அடுத்ததை எண்ணெய் தடவிய கண்கரண்டிகளின் முதுகில் பிழிந்து தயாராக வைத்தால், அரித்தவுடன் வழுக்கி விட்டுவிடலாம். ஒன்றரை நிமிடம் அரை நிமிடமாகும். ஈட்டுக்கு ஐந்து நிமிடம், மணிக்கு 7.2 கிலோ, ஏழு மணி நேரத்தில் 50 கிலோ. சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்காமல் மாற்றி மாற்றிப் போய், காலையில் அரை மணி முன்னதாக எண்ணெய் வைத்தால் எட்டரை மணி நேரம் அடுப்பு ஓடும்: 61 கிலோ. அடுப்பு ஓடுவது எட்டரை மணி என்பதற்காக ஒரே ஆளை எட்டரை மணியும் அதன் முன்னால் நிறுத்தாதீர்கள். மாற்றாள் பழக வேண்டும். குறைவது 19 கிலோதான். அதற்குப் பண்டிகை முடியும் வரை ஒரு அடுப்பை வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஈட்டையே 900 கிராமாக்கினால் என்ன என்று மாஸ்டர் கேட்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே சட்டியில், அதே தீயில் மாவைக் கூட்டினால் 180 டிகிரியில் இருந்த எண்ணெய் சட்டென்று இறங்கும். மேல்பொருக்கு கட்டத் தாமதமாகும், அதற்குள் பலகாரம் எண்ணெயைக் குடித்துவிடும், வேகும் நேரமும் நீளும். கிலோ கூடாது; எண்ணெய்ச் செலவுதான் கூடும். ஒரு வெப்பமானி வாங்கிச் சட்டியில் தொங்கவிடுங்கள்.

மாவு விஷயம்: நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்ற அளவு உங்களுக்குத் தெரியாததல்ல. பிசகுவது தண்ணீரில். கைப்பதத்துக்கு ஊற்றாமல் கிலோ மாவுக்கு இத்தனை மில்லி என்று அளந்து எழுதிவையுங்கள். மாவு மில் மாறினால், மழைக்காலம் வந்தால், அந்த எண்ணைத் திருத்துங்கள். மொத்த மாவையும் காலையில் பிசைந்து வைக்காதீர்கள். அரை மணிக்கு ஆகும் அளவே ஒரு தடவைக்கு. பிசைந்த மாவு காத்திருந்தால் காய்ந்து இழை அறுந்து விழும்; உரலை அழுத்துகிற கைக்கும் வலி.

எண்ணெயில் கிடக்கும் தூள்தான் அதைக் கறுக்க வைக்கிறது. ஈட்டுக்கு ஈடு அரித்து, சாயங்காலம் சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியில் வடிகட்டுங்கள். பித்தளைக் கரண்டியை எண்ணெயில் போட்டுவைக்க வேண்டாம். அதிலுள்ள செம்பு எண்ணெயைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேரும் 'மொத்த துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அதை அளக்கும் கைக்கருவி கிடைக்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 250 கிராம் பாக்கெட்டில் 10 கிராம் கூடப் போனால் 4 சதவீதம். 60 கிலோவுக்கு 2.4 கிலோ, உங்கள் கணக்கில் நாலு ஈடு. தராசைப் பாக்கெட் போடுகிறவரின் கண்ணுக்கு நேராக வையுங்கள். சூடு முழுக்க ஆறாமல் கட்டாதீர்கள். உள்ளே ஆவி வேர்த்து, கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் நமத்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் வார்க்கிறோம், கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல். நாலு பேர் நாளுக்கு 220 கல் போட்டோம். ஆறு பேராக்கியும் 220-ஐத் தாண்டவில்லை. எங்கள் முறையில் வார்த்த கல் ஒரு நாள் நிழலில், மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில். பிறகுதான் கண்ணாடியைப் பிரிப்போம். ஆட்கள் ஏய்க்கிறார்களா?
– வாசகர், ஆத்தங்குடி

கண்ணாடியை எண்ணிப் பாருங்கள். ஒரு கண்ணாடி நாலு நாள் கல்லோடு கிடக்கிறது, பிரித்துத் துடைத்துத் திரும்ப மேசைக்கு வர இன்னொரு நாள். 220-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,100. உங்களிடம் உடையாமல் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். நாளுக்கு 300 கல் வேண்டுமென்றால் 1,500 கண்ணாடி வேண்டும், தொட்டியில் 900 கல்லுக்கு இடம் வேண்டும். ஆட்களைத் திட்டிப் பயனில்லை.

தொட்டியில் ஒரு நாளைக் குறைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. நாளைக் குறைத்தால் விளிம்பு பொடிந்து திரும்பி வரும். குறைக்க வேண்டியது துடைக்கிற அந்த ஐந்தாம் நாளை. காலையில் பிரித்ததை உடனே துடைத்து எண்ணெய் தடவி அன்றே வார்க்க எடுத்தால் அதே 1,100 கண்ணாடியில் 275 வரும்.

ஒரே ஆர்டரில் நிறம் மாறுகிறது என்ற புகார் உங்களுக்கும் வருகிறதென்றால்: அந்த ஆர்டர் முழுமைக்கும் ஆன ஆக்சைடையும் வெள்ளைச் சிமெண்டையும் எடை போட்டு, உலர்வாகவே ஒரே தடவையில் கலந்து சலித்து மூடிவையுங்கள். ஆக்சைடு, சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், கல் வலுவிழக்கும். தண்ணீர் சேர்ப்பது அரை மணிக்கு ஆகும் அளவுக்கு மட்டும், அதுவும் அளந்து. தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. தை மாத வேலைகளுக்கான கல்லைப் புரட்டாசிக்குள் வார்த்து அடுக்கிவிடுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை. கேட்ட பொருளை எடுக்கவே அரை மணி ஆகிறது. கம்ப்யூட்டர் மென்பொருள் வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

வேண்டாம். அலமாரிக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எண். எனாமல் தூக்குச்சட்டி 'இ-3'-இல் இருக்கிறதென்றால் அதன் காதில் நூலால் அட்டை கட்டி, வாங்கிய தேதி, விலை, 'இ-3' என எழுதுங்கள். செல்போனில் ஒரு படம். எடுத்துக் காட்டிய பொருள் அன்றே அதே தட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத பொருள்தான் அந்த அரை மணியைத் தின்கிறது. இரண்டு வருடமாக யாரும் கேட்காததைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, அடிக்கடி கேட்கிற ஜாடியையும் பித்தளை விளக்கையும் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.