அடுப்புச் சாம்பல் அன்று அது

கேள்வி: இந்தோனேசியாவில் சினாபுங் எரிமலைக்கு அருகே, பெராஸ்தாகியில் வசிக்கிறோம். 2020 ஆகஸ்டில் சாம்பல் கொட்டியபோது, ஆஸ்துமா உள்ள என் மாமியார் மிகவும் அவதிப்பட்டார். மறுபடி கொட்டினால் முகத்தில் ஈரத்துணி கட்டினால் போதுமா? தொட்டியில் பிடிக்கும் மழைநீரைக் குடிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சாம்பலால் பாத்திரம் துலக்கிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அச்சம் எழுவதில்லை. எரிமலைச் சாம்பலோ எரிந்து மிஞ்சியதன்று. வாயுக்களின் அழுத்தத்தால் வெடித்துச் சிதறிய பாறையும் கூர்முனைக் கண்ணாடித் துணுக்குகளுமே அது. ஒரு சிட்டிகையை நீரில் இட்டால் கரையாமல் நுண்மணலாய் அடியில் படியும்.

அதில் 10 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் மூச்சுக்குழாய்க்குள்ளும், 4 மைக்ரானுக்கும் சிறியவை நுரையீரலின் காற்றறைகள் வரையும் செல்கின்றன. நலமாக உள்ளவருக்கு இருமலோடும் தொண்டைக் கரகரப்போடும் அடங்கிவிடுவது, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தால் இளைப்பு இன்னும் கடுமையாகும். 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோதும் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தோர் தொகை உயர்ந்தது.

துணியை நனைப்பதால் அதன் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. அந்த ஈரத்துணியைக் கதவிடுக்கில் செருகுங்கள். வெளியே செல்வோர் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் அணியட்டும். மூச்சிரைப்பு உள்ளவருக்கு அக்கவசமே மூச்சை முட்டச் செய்யலாம் என்பதால், மாமியாரை வீட்டுக்குள் இருக்க வைப்பதே நல்லது. அன்றாடத் தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். நிவாரண இன்ஹேலருக்கும் இளைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உலர்ந்த சாம்பலைப் பெருக்கினால் அது மீண்டும் காற்றில் எழும். லேசாக நீர் தெளித்து அள்ளுங்கள். கூரையில் மட்டும் நீரை ஊற்றாதீர்கள்: 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது, புயல் மழையில் நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்தே பலர் மாண்டனர்.

மழைநீர் குறித்து நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சாம்பலில் ஃபுளோரைடும் அமிலமும் ஒட்டியிருக்கலாம். காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது. ஐஸ்லாந்தில் 1783இல் லாக்கி வெடித்தபோது, ஃபுளோரின் படிந்த புல்லை மேய்ந்த கால்நடைகளில் பாதிக்கும் மேல் மடிந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தனர். ஆகவே சாம்பல் விழத் தொடங்கியதுமே கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட்டு, தொட்டியை மூடிவையுங்கள். சாம்பலை அள்ளிய பின் கூரை கழுவப்படும் வரை மூடிவைத்த நீரையே குடியுங்கள்.