பணம் வாங்கியதைச் சொல்லாமல் எழுதலாமா?

மதிப்புக்குரிய ஐயா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக வலைப்பதிவில் சமையல், அழகுப் பராமரிப்பு பற்றி எழுதி வருகிறேன். அண்மையில் ஒரு நிறுவனம் முகத்தை வெளுப்பாக்கும் கிறீம் சிலவற்றை அனுப்பி, முப்பதாயிரம் ரூபாவும் தருவதாகக் கூறியது. நானே வாங்கிப் பாவித்ததுபோல எழுத வேண்டுமாம். பணம் பற்றிச் சொல்லக் கூடாதாம். பூசிப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது உண்மைதான். உண்மையைத்தானே எழுதப் போகிறேன், இதில் என்ன தவறு?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கிறீமைப் பற்றி நீங்கள் எழுதப்போவது உண்மையாக இருக்கலாம். 'நானே வாங்கினேன்' என்பது பொய். அந்த நிறுவனம் பணம் தருவதும் அந்தப் பொய்க்காகத்தான். பத்திரிகையில் விளம்பரம் வந்தால், விற்பவர் தம் சரக்கைப் புகழத்தான் செய்வார் என்ற எச்சரிக்கையோடு வாசகர் அதைப் பார்ப்பார். உங்கள் எழுத்தையோ பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைக் கேட்பதுபோல் படிக்கிறார்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்த தண்ணீர் வடிகட்டியைப் புகழ்ந்து எழுதினேன். இலவசம் என்பதை எழுதவில்லை. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை அதை நம்பித் தவணை முறையில் ஒன்றை வாங்கினார். நான்கு மாதத்தில் அது பழுதாகிவிட்டது, திருத்தித் தரவும் ஆளில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்களும் காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள், உங்களுக்கும் நட்டம்தானே" என்று எனக்காக இரங்கினார். அந்த இரக்கத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டிலேயே, பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு எழுதும் வலைப்பதிவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று வணிக ஆணைக்குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. நமது இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை வணிகருக்குத் தடை செய்கிறது. எழுதுபவர் அதன் வரம்புக்குள் வருவாரா என்பதைச் சட்டத்தரணிகள் வாதிடட்டும்; வாசகருக்கு நாம் பட்டுள்ள கடன் அந்த வாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் வாங்கி எழுதுவதே இழிவு என்று நான் சொல்லவில்லை. எழுதிப் பிழைப்பவருக்கும் வீட்டு வாடகை உண்டு. வாங்கியதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், கடைசியில் சிறிய எழுத்தில் அல்ல.

ஆயினும் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது பணமல்ல, 'இரண்டு வாரத்தில் வெளுத்தது' என்ற வரிதான். சருமத்துக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுப்பதால், அதைக் கலந்த கிறீம்கள் உலகின் பல சந்தைகளில் விற்கப்படுகின்றன. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய கிறீம்களின் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் 2020ஐ இறுதி ஆண்டாக வைத்தது. பாதரசம் தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்; இரண்டு வாரம் கண்ணாடியைப் பார்த்து அதை அறிய முடியாது. உங்களுக்கு வந்த கிறீமில் அது இருக்கிறது என்று நான் கூறவில்லை. இல்லை என்று கூற உங்களிடமும் ஆய்வு அறிக்கை இல்லை. அப்படியிருக்க, பணம் பெற்றதை வெளிப்படுத்தினாலும்கூட இந்தப் பொருளைப் பரிந்துரைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

பணத்தையும் மீதிக் கிறீம்களையும் மறுத்துவிடுங்கள். பாவித்ததை மட்டும் திருப்பி அனுப்பாமல் எடுத்துக்கொண்டு, பூசுவதை இன்றே நிறுத்தி, ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.