சாமை, ரேஷன், டெல்டா நெல்: கேட்டவர்களுக்குப் பதில்

அக்கா, ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சாப்பாடாக இருந்த சாமையும் வரகும் இப்போது அரிசியைவிட விலை கூட. ஏன்?

உமிதான் காரணம். கேழ்வரகு, கம்பு, சோளத்தை அடித்துத் தூற்றினால் நேரே மாவு மில்லுக்குக் கொண்டு போகலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்கு உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், அதை நீக்கினால்தான் உலையில் போட முடியும். கொல்லிமலையில் பெண்கள் உரலில் போட்டுக் குத்தித்தான் எடுப்பார்கள், தோள் கழன்றுவிடும் வேலை. மரவள்ளி கையில் காசு தர ஆரம்பித்ததும் சாமை நிலம் சுருங்கியதில் இந்தக் குத்தலுக்கும் பங்கு உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மகளிர் குழுக்களிடம் உமி நீக்கும் மெஷின் கொடுத்தது அதனால்தான். மெஷின் இல்லாத ஊரில் தானியம் உமியோடு மலிவாக வெளியூர் ஆலைக்குப் போய், அரிசியாகி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்ந்து உங்கள் கடைக்கு வருகிறது.

ரேஷனில் போட்டால் சரியாகிவிடுமா?

கேழ்வரகுக்கு ஓரளவு ஆகும். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒடிசா 2017லேயே சிறுதானியத்துக்கென்று தனித் திட்டம் தொடங்கி, பழங்குடி விவசாயிகளிடம் ஆதரவு விலைக்கு, அதாவது அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு, கேழ்வரகை வாங்கி ரேஷனுக்கும் அனுப்பியது. ஆனால் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. சாமை, தினை, வரகு இல்லை. வாங்க ஆள் நிச்சயம் இல்லாததை யார் விதைப்பார்கள்? விழிப்புணர்வுப் பேரணி நடத்தும் காசில் ஊருக்கு ஒரு மெஷின் வாங்கலாம், சொன்னால் கோபம் வரும்.

வீட்டுக்காரருக்குச் சுகர். கடைச் சாமை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நல்லதா?

தீட்டியிருக்கிறார்கள் அம்மா. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதற்குப் பயந்தே தீட்டுகிறார்கள், நார்ச்சத்தும் சேர்ந்து போய்விடும். மங்கலாக, தொட்டால் விரலில் தவிடு ஒட்டுகிறதை வாங்குங்கள், கொஞ்சமாக. அப்புறம் தினை நூடுல்ஸ் வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலதிலும் முதலில் இருப்பது மைதா. சாமையாக இருந்தாலும் அளவு அளவுதான்.

நெல்லையே நிறுத்திவிடலாமே, தண்ணீரும் மிச்சம்?

டெல்டாவிலா? ஐப்பசி மழையில் அந்தக் களிமண்ணில் தேங்கும் தண்ணீருக்கு நெல்லைத் தவிர வேறு எது நிற்கும்? அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி நீர் கட்டினாலே தண்ணீரும் மிஞ்சும், தேங்கிய வயலிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்தை விதைத்துவிட்டால் மீதி ஈரத்திலேயே அது விளைந்துவிடும்.