பைக்குள் கிடந்த காலி உறைகள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உடல் பருமனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர், உளவியல் நிபுணரையும் பார்க்கச் சொல்கிறார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அவன் வர மறுக்கிறான். அவன் பைக்குள் காலி பிஸ்கட் உறைகள் கிடக்கின்றன. வாய்க்கட்டுப்பாடு இல்லாததற்கு மனநலச் சிகிச்சை எதற்கு?

பதில்: அந்த "வாய்க்கட்டுப்பாடு" என்ற சொல்லைத்தான் முதலில் கைவிட வேண்டும். உடல் எடையில் மரபணுக்களின் பங்கு பெரிது. எடை குறையத் தொடங்கினாலே பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது; பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது. இதோடு மல்லுக்கட்டுபவனை மன உறுதி இல்லாதவன் என்பது அநியாயம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை அந்த உறைகள்தாம். ஒளித்துச் சாப்பிடும் பிள்ளைகளிடம் ஒரு சுழற்சியை அடிக்கடி காண்கிறேன். காலையில் பட்டினி, பள்ளியில் கேலி, வீட்டில் கண்காணிப்பு. மாலையில் தனியாக இருக்கும்போது ஒரே மூச்சில் ஒரு பாக்கெட் காலி. பிறகு வெட்கம், "நாளை சாப்பிடவே மாட்டேன்" என்ற சபதம், மறுநாள் மீண்டும் பட்டினி.

இந்தச் சுழற்சியை அறுப்பதுதான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை, CBT) வேலை. எப்போது, எங்கே, என்ன மனநிலையில் சாப்பிட்டான் என்று அவனே குறித்து வருவான். கலோரிக் கணக்கு அங்கே முக்கியமில்லை. பல நேரங்களில் நாங்கள் முதலில் சொல்வது, மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடு, இடையில் சிற்றுண்டியும் எடுத்துக்கொள் என்பதே. பெற்றோர் முறைப்பார்கள். ஆனால் மாலையில் அணை உடையக் காரணமே பகல் பட்டினிதான். கேலிக்கு எப்படிப் பதில் சொல்வது, மனம் கனக்கும்போது சாப்பாட்டைத் தவிர வேறு எதை நாடுவது என்பதையும் பழகிப் பார்ப்போம்.

நிறுத்த முடியாமல் பெருமளவு சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதங்களாக நடக்கிறதென்றால் அது மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ, சாக வேண்டும் என்ற பேச்சோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

சிகிச்சையில் உங்களுக்கும் பங்குண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடும்பத்தையும் சேர்த்து 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேர நேரடிச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆகவே நாலு சந்திப்பில் எடை இயந்திரத்தில் எண் மாறவில்லையே என்று சலிக்காதீர்கள். அவன் மறுபடி விளையாடப் போவதும், நண்பர்களோடு பேசுவதும் அதற்கு முன்பே தெரியக்கூடும். அவனுக்கு மட்டும் தனித் தட்டு, தனிச் சட்டம் வேண்டாம்; மாற்றம் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். எடையைப் பற்றிய பேச்சு, உறவினர்களின் "அக்கறையான" கிண்டல் உட்பட, வீட்டில் நிற்க வேண்டும்.

"உன் எடையைக் குறைக்கத்தான்" என்று சொல்லி அழைத்தால் வரமாட்டான். "எங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள்" என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தாலொழிய அவன் பேசியவை உங்கள் காதுக்கு வராது என்பதையும் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் உண்மையில் சம்மதிக்கவும் வேண்டும். அப்படியும் மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

பையைச் சோதிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.