திருச்சியிலிருந்து சைகோன்: எட்டு நாள், ஒரு முதுகுப் பை, ஒரு ஈ-விசா (கேள்வி பதில்)

பேக்கேஜ் டூர் இல்லாமல், முதுகில் ஒரு பையோடு வியட்நாமுக்கு ஒரு வாரம் போய்வர நினைப்பவர்களுக்கான கேள்வி நேரம் இது. விசா, செலவு, வழி பற்றிக் கேளுங்கள். ரிசார்ட், ஹனிமூன் எல்லாம் என் துறை இல்லை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுநடுவிலும் சொல்வேன்: விசாவுக்குப் பணம் கட்டும் முன், இணைய முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள், வியட்நாம் அரசின் தளம் அப்படித்தான் முடியும்.

ஊர்சுற்றி: அக்கா, எட்டு நாள், 40 ஆயிரம் ரூபாய். சைகோன், டா நாங், ஹோய் ஆன் பார்த்துவிட முடியுமா?

கொஞ்சம் இடிக்கும். கணக்கைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு (சைகோனின் இன்றைய பெயர்) வியட்ஜெட் 2023 நவம்பரில் நேரடி விமானம் விட்ட பிறகு நம் பக்கத்துக்காரர்களுக்கு இது சுலபமாகிவிட்டது. பண்டிகை, பள்ளி விடுமுறை தவிர்த்து முன்கூட்டியே எடுத்தால் போக வர 18,000 என்று வையுங்கள். அதில் கையில் கொண்டுபோக 7 கிலோதான். விசா 25 டாலர், கார்டு கட்டணம் போக 2,200ஐ ஒட்டி வரும். இன்சூரன்ஸ் 800, சிம் 500.

அங்கே ஒரு லட்சம் டாங் என்பது ஏறக்குறைய 340 ரூபாய். ஹாஸ்டலில் பங்க் படுக்கை 1,50,000 முதல் 2,50,000 டாங் வரை. ஒரு இரவுக்கு 600 ரூபாய் போடலாம். தெருவில் பான் மி ரொட்டி 20,000 முதல் 35,000 டாங், ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் 50,000க்கு மேல், ஐஸ் போட்ட பால் காபி 25,000. ஆக சாப்பாடு 700. ஊருக்குள் பஸ், கிராப் ஆப்பில் பிடிக்கும் பைக் டாக்சி 300. நுழைவுக் கட்டணம் சராசரி 300 (போர் எச்சங்கள் அருங்காட்சியகம் 40,000 டாங்தான், ஹோய் ஆன் பழைய ஊர் 1,20,000, ஹுவே அரண்மனை 2,00,000). ஒரு நாளைக்கு 1,900, ஏழு நாளுக்கு 13,300.

பலர் விட்டுவிடுவது ஊர்விட்டு ஊர் போகும் செலவைத்தான். வியட்நாம் நீளமான நாடு. சைகோனிலிருந்து டா நாங் வரை ரயிலிலேயே 900 கிலோமீட்டருக்கு மேல். படுக்கை டிக்கெட் சுமார் 10 லட்சம் டாங். போக வர 6,800 ரூபாய். மொத்தம் 41,600. அவசரத்துக்கு ஒரு 5,000 சேர்த்தால் 46,600.

40க்குள்தான் என்றால் டா நாங்கை விட்டுவிட்டு தா லாத் என்னும் மலையூருக்குப் போங்கள். ஸ்லீப்பர் பஸ், ஒரு வழிக்கு 3 லட்சம் டாங், ராத்திரி ஏறினால் ஒரு நாள் வாடகையும் மிச்சம். அந்த 5,000ஐத் தொடாமல் திரும்பினால் 37 ஆயிரத்தில் முடியும். ஹோய் ஆனுக்கு ஆசைப்பட்டு சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நாட்களைக் குறையுங்கள், இல்லையென்றால் ஊரைக் குறையுங்கள்.

கீழவாசல்: விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எவ்வளவு காட்ட வேண்டும் சார்? ஏஜென்ட் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறார், 6,500 ஆகும் என்கிறார்.

ஸ்டேட்மென்ட் தேவையில்லை. ஈ-விசா படிவத்தில் நீங்கள் ஏற்ற வேண்டியது இரண்டே படம்: கண்ணாடி போடாமல் நேராகப் பார்க்கும் போட்டோ, பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்தும் அம்புக்குறியுமாக இருக்குமே, அது வெட்டுப்படாமல் தெளிவாக விழ வேண்டும். தங்கும் முகவரி, எந்த வழியாக உள்ளே போகிறீர்கள், எந்த வழியாக வெளியே வருகிறீர்கள் என்று கேட்கும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். நிராகரித்தாலும் பணம் திரும்பாது.

கட்டணம் போகவில்லை என்று பலர் புலம்புவார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட்டு முயலுங்கள். 6,500 கேட்பவரிடம் உங்கள் பாஸ்போர்ட் நகல் ஏற்கெனவே இருந்தால், உங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் முகவரி: ஜிஓவி டாட் விஎன்.

மு.கா.: என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. பெயர்க் கட்டத்தில் ஒற்றைப் பெயர் மட்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வட இந்தியர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது இருக்காது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் தலைவலி.

விசாப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளது மட்டுமே போக வேண்டும். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், அது உங்கள் பெயர் ஆகாது. ஆதாரில் ‘கார்த்திகேயன் எம்’ என்று இருக்கிறதே என்று எம்மைச் சேர்க்காதீர்கள். ஓரெழுத்து மாறினாலும் செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடலாம். படிவம் அடம்பிடித்தால் தளத்திலுள்ள உதவி முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

டிக்கெட் வேறு கதை. விமான நிறுவனத் தளங்கள் குடும்பப்பெயரைக் காலியாக விட விடாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு நிரப்புச் சொல் சொல்லும். எடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனியும் வெளிநாடு போவீர்கள் என்றால் பாஸ்போர்ட்டையே திருத்திவிடுவது நல்லது. மறுவெளியீடு என்று விண்ணப்பித்து, பெயரை இரண்டு கட்டத்துக்கும் பிரித்துக் கேட்கலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது எத்தனை பேர் பரிதவித்தார்கள் என்று ஞாபகம் இருக்கும். பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். வியட்நாமில் அப்படித் தடை இல்லை. ஆனாலும் கட்டம் காலியாக இருக்கும்வரை ஒவ்வொரு படிவத்திலும் இதே பாடுதான்.

தென்றல்: விசா எத்தனை நாளில் வரும்?

மூன்று வேலை நாள் என்கிறார்கள். மூன்று வாரம் முன்பே போடுங்கள். சனி, ஞாயிறு, வியட்நாம் விடுமுறைகள் கணக்கில் வராது.

காவேரிக்கரை: ஃபூ குவோக் தீவுக்கு விசாவே வேண்டாம் என்கிறார்களே?

உண்மை. வெளிநாட்டிலிருந்து நேராகத் தீவில் இறங்கி, தீவிலேயே இருந்து திரும்பினால் 30 நாள் வரை வேண்டாம். சைகோனில் ஊருக்குள் கால் வைத்தால் வேண்டும்.

பயணி 77: சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட் மலிவாக இருக்கிறது.

பையைச் செக்-இன் போட்டால், அதை எடுத்து மறுபடி போட நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு விசா வேண்டும். மலிவு என்பது டிக்கெட்டோடு நிற்காது.

சைவப் பிள்ளை: முட்டைகூடச் சாப்பிடமாட்டேன். பட்டினிதானா?

இல்லை. ‘சாய்’ என்று பலகை இருக்கும் கடை சைவம், பௌத்த வழக்கத்திலிருந்து வந்தது. அமாவாசை, பௌர்ணமியில் வியட்நாமியரிலேயே பலர் சைவம், அன்று கடைகளில் கூட்டம் தாங்காது. சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு விழும், ஃபோவின் குழம்பே பெரும்பாலும் மாட்டெலும்பில் கொதித்தது. சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியரும் ஊதுபத்தியோடு வந்து கும்பிடுவார்கள். சோறு கிடைக்கும் இடம் என்று நினைத்துப் போகவேண்டாம்.

ரைடர் தம்பி: அக்கா, வடக்கே ஹா ஜியாங் லூப், அந்த மலைச்சாலைச் சுற்றை பைக்கில் அடிக்கப் போகிறேன். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

அந்த லைசென்ஸ் அங்கே செல்லாது தம்பி. இந்தியா தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படியான சர்வதேச லைசென்ஸை.

ரைடர் தம்பி: எல்லாரும் ஓட்டுகிறார்களே! என் நண்பன் போன வருடம் ஓட்டினான். போலீஸ் பிடித்தால் ஏதோ கொடுத்துவிட்டுப் போகலாமாம்.

கடைக்காரர் பைக் தருவார், லைசென்ஸ் கேட்கக்கூட மாட்டார். அதனால் செல்லும் என்று ஆகிவிடாது. 2025 ஜனவரி முதல் போக்குவரத்து அபராதங்களையும் அங்கே பல மடங்கு ஏற்றிவிட்டார்கள்.

க்ளெய்ம் மேசை: நான் இன்சூரன்ஸில் வேலை பார்க்கிறேன். அக்கா சொல்வது சரி. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் மருத்துவச் செலவு க்ளெய்ம் நிற்காது. பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள்.

ரைடர் தம்பி: அடிபட்டால்தானே சார். எட்டு வருடமாக ஓட்டுகிறேன்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டியிருக்கிறீர்கள். அங்கே வலப்பக்கம். மலைச்சாலை, எதிரே லாரி, மழையில் சரளை. நீங்கள் எவ்வளவு நல்ல ஓட்டுநர் என்பதைப் பற்றி நான் பேசவேயில்லை.

மின்சாரக் கண்ணன்: 50 சிசிக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாமே? எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் அப்படித்தானே?

சட்டப்படி சரி, ஆனால் எலக்ட்ரிக் என்றால் 4 கிலோவாட் வரை மட்டும். ஹோய் ஆனில் கடற்கரைக்குப் போய்வர அது போதும், தாராளமாக எடுங்கள். ஹா ஜியாங் ஏற்றத்தில், சுமார் 350 கிலோமீட்டர், பையும் ஆளுமாக அது இழுக்காது.

ரைடர் தம்பி: அப்போ லூப்பை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

பின்னால் உட்கார்ந்து போங்கள். ‘ஈசி ரைடர்’ என்று உள்ளூர் ஆளே ஓட்டுவார், நீங்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். ஓட்டுபவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. ஒன்றைக் கவனியுங்கள், ஹா ஜியாங் சீன எல்லையில், வட கோடியில் இருக்கிறது. திருச்சி விமானம் இறங்குவது தென்கோடியில். சைகோனிலிருந்து ஹனோய்க்கு ரயிலில் 1,726 கிலோமீட்டர், 30 மணி நேரத்துக்கு மேல். எட்டு நாளில் லூப்தான் முக்கியம் என்றால் ஹனோய்க்கே டிக்கெட் பாருங்கள், தெற்கை அடுத்த முறை வைத்துக்கொள்ளுங்கள். பைக் பேச்சு இதோடு போதும். இன்னும் ஏழு கேள்வி வந்திருக்கிறது, ஏழும் பைக்.

நிலா: பணத்தை எப்படி எடுத்துப்போவது?

கொஞ்சம் டாலர், மடிப்பும் கிறுக்கலும் இல்லாத நோட்டாக. மீதிக்குக் கார்டு. ஏடிஎம் திரையில் ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், டாங்கிலேயே போகட்டும். ஒரு தடவைக்கு பெரும்பாலும் 20 முதல் 50 லட்சம் டாங்தான் வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு.

20,000, 5,00,000 இரண்டு நோட்டும் நீலம். டாக்சிக்குள் அரையிருட்டில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் போனது 1,600 ரூபாய்க்கு மேல். சின்ன நோட்டின் பின்பக்கம் ஹோய் ஆனின் கூரை போட்ட பாலம், பெரிய நோட்டில் ஹோ சி மின் பிறந்த ஊர் வீடு. பர்ஸில் இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள்.

அருவி: நவம்பரில் ஹோய் ஆன் போகலாமா?

அக்டோபர், நவம்பர் அங்கே வெள்ளக் காலம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. தெத் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். கடைகள் மூடியிருக்கும், பஸ், ரயில் எதிலும் இடம் இருக்காது.

ராஜா எம்.: விசா எத்தனை நாளில் கிடைக்கும் சார்?

மேலே தென்றலுக்குச் சொன்னதுதான்.

ஜெ.: ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா பற்றி?

அதற்கு ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ், அப்பாயின்ட்மென்ட் என்று தனிப் புராணம் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

விடியல்: டூரிஸ்ட் விசாவில் போய் கம்போடியா எல்லையில் டேட்டா என்ட்ரி வேலை, 80 ஆயிரம் சம்பளம் என்கிறார் ஒருவர். போகலாமா?

போகாதீர்கள். அந்தப் பக்கம் போய் மோசடிக் கூடங்களில் மாட்டியவர்களைப் பற்றி நம் வெளியுறவு அமைச்சகமே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

கதிர்: விசா எத்தனை நாள்…

மூன்று வேலை நாள். முகவரி ஜிஓவி டாட் விஎன்.

பூங்குழலி: விசா வந்துவிட்டது. 12ஆம் தேதி முதல் என்று போட்டிருக்கிறது. விமானம் 11ஆம் தேதி இரவு 11 மணிக்கு. பிரச்சினை வருமா?

வராது. அவர்கள் பார்ப்பது நீங்கள் அங்கே இறங்கும் தேதியை, அதற்குள் 12 ஆகியிருக்கும். அவர்கள் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் வேறு. இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், செக்-இன்னில் ஒன்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா?

பூங்குழலி: ஐந்து மாதம்தான் இருக்கிறது…

அப்படியென்றால் டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று இன்றே கேளுங்கள். தட்கலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், 1,500க்கு மேல் 2,000 கூடுதல். எண் மாறிவிடும், அதனால் இந்த விசா செல்லாது. புது எண்ணுக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி 25 டாலர்.