மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் பார்த்த, அமெரிக்க லுட்விக் கம்பெனியின் ஸ்னேர் டிரம் (அடியில் கம்பிச் சுருள் பூட்டிய சின்ன டிரம்) 1964-ஆம் ஆண்டுடையது என்கிறார் கடைக்காரர். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனி பேட்ஜைப் பார்த்து நம்பாதீர்கள். நான் அப்படி நம்பி ஏமாந்தவன்.

தாராவியில் எங்கள் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, அதே சோர் பஜாரில், லுட்விக் பேட்ஜோடு ஒரு ஸ்னேர் கிடைத்தது. மேலே அகன்று கீழே குறுகும் கீஸ்டோன் பேட்ஜ், வரிசை எண் வேறு. அந்த பேட்ஜ்களில் எண் போட ஆரம்பித்ததே 1963 வாக்கில்தான் என்று படித்திருந்தேன். பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் காலத்து டிரம் என்று பேரம்கூடச் சரியாகப் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் டோலக்குக்குத் தோல் கட்டும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. லுட்விக் பெயரையே கேட்டிராதவர். ஹெட்டை, அதாவது அடிக்கும் தோலை, கழற்றச் சொல்லி, உள்ளே கையை விட்டுத் தடவினார். "தம்பி, மரம் சிலும்புது பாரு. இது உசத்தி மரம் இல்ல." அப்புறம் பேட்ஜைச் சாய்த்துக் காட்டினார். அதைச் சுற்றிலும் வெயில் படாத அடர்த்தியான நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அங்கே முன்பு வேறு பேட்ஜ் இருந்திருக்கிறது! கடைசியில் அது லவான் என்ற மலிவு மரத்தில் செய்த ஜப்பான் டிரம். அறுபது, எழுபதுகளில் அவை பல பெயர்களில் உலகமெங்கும் போயின.

அதனால் ஷெல்லின், அதாவது டிரம்மின் உருளை உடலின், உள்பக்கத்தைப் பாருங்கள். லுட்விக்கின் மர டிரம் என்றால், எழுபதுகளின் நடுப்பகுதி வரை மூன்று அடுக்குப் பலகையும், இரு விளிம்புகளிலும் தடித்த மர வளையமும் இருக்கும். பிறகு ஆறு அடுக்கு வந்தது, வளையம் போயிற்று. விளிம்பில் டார்ச் அடித்தால் அடுக்குகளை எண்ணிவிடலாம். அறுபதுகளின் முற்பாதியில் உள்ளே வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மரம் தெரியும்படி வார்னிஷுக்கு மாறிவிட்டார்கள். சிலவற்றில் சிவப்பு மையில் தேதி முத்திரையே இருக்கும். இருந்தால் அதிர்ஷ்டம். பேட்ஜின் வரிசை எண்ணை நான் ஒரு குத்துமதிப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன். பேட்ஜ்களை வரிசைப்படி அடிக்கவில்லை, கைக்கு வந்ததை எடுத்து அடித்தார்கள்.

ஹெட்டை வைத்து வயது பார்க்காதீர்கள். அது வண்டி டயர் மாதிரி, தேயத் தேய மாற்றுவார்கள். 1957 வாக்கில் மைலார் என்ற பிளாஸ்டிக் ஹெட் கடைக்கு வந்ததும் பலர் கன்றுத்தோலைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தின் பிரிமியர் கம்பெனி செய்த பழைய டாம் டிரம்கள் சிலவற்றில் இன்றைய ஹெட் ஏறாது, அளவு கொஞ்சம் பெரியது. ஏறாவிட்டால் சந்தோஷப்படுங்கள், டிரம் நிஜமாகவே பழசு.

லக் (ஹெட்டை இறுக்கும் திருகு மாட்டும் உலோகத் துண்டு) பக்கத்தில் தேவையில்லாத ஓட்டையோ, மெழுகு வைத்து அடைத்த ஓட்டையோ இருந்தால் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கலாம். திருகைக் கழற்றும் டிரம் கீயும் டார்ச்சும் கையோடு கொண்டு போங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

என் ஸ்னேர் இன்னும் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஒலிக்கிறது. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்ஜை மட்டும் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.