ஆதார் நகலை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாரா வீட்டுக்காரர்?

வணக்கம் தோழி. வாடகைக்காகக் கொடுத்த ஆதார் நகலை வீட்டுக்காரர் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டதையும், கேட்டதற்கு "மறைக்க என்ன இருக்கிறது?" என்றதையும் படித்து மனது கொதித்தது. அந்தரங்கம் ஒரு உரிமையா என்று கேட்டிருந்தீர்கள். உரிமையேதான். 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்திலேயே 12ஆம் பிரிவாக இருக்கிறது. இங்கே 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. வீட்டுக்காரரிடம் ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவைச் சொல்லுங்கள்: ஒருவரின் ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, படத்தை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, இன்றே பூட்டிவிடுங்கள். இனி யார் கேட்டாலும் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். நான் நகலின் குறுக்கே நீல மையில் "வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தருவேன். எழுத்து புகைப்படத்தின் மேலேயே ஓடட்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட முடியும்.